வில்ஹோ ஜெயித்த வழக்கு

அமெரிக்காவில், எங்கள் மாநிலத்தில் சட்டம் படித்த யாரிடமும் வில்ஹோ ஹவுத்தலா என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள். ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள். முதலாண்டுப் பாடப்புத்தகத்தில் ‘மாத்திலா எதிர் ஹவுத்தலா’ என்று ஒரு தீர்ப்பு வரும். ஏரியில் மூழ்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரனை, கையில் கயிற்றை வைத்துக்கொண்டே கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் என்று அதில் அவரைப் பற்றிப் போட்டிருக்கும். அந்த மனிதனைக் காப்பாற்றும் கடமை ஹவுத்தலாவுக்குச் சட்டப்படி கிடையாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் ஜெயித்தது அவர்தான்.

எனக்கு அவர் பழக்கமானது அந்தத் தீர்ப்பு வந்து பல வருஷங்களுக்குப் பிறகு. மாவட்ட நீதிமன்றத்தின் அடித்தளத்தில் ஒரு சட்ட நூலகம் உண்டு. அதை நான் வெகுகாலம் பார்த்துக்கொண்டேன். நான் வக்கீல் இல்லை. தொகுதிகளை அடுக்குவது, வக்கீல்கள் மேசையிலேயே போட்டுவிட்டுப் போனவற்றைத் திரும்ப வைப்பது, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஒரு நாள் பிற்பகல் நெடுநெடுவென்று ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்கக்கூடத் தயங்குகிற ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. என்ன வேண்டும் என்றேன். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தடுமாறாமல் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவர் அதைப் பிரிக்கவில்லை.

“இதுல இருக்கிறது எனக்குத் தெரியும்மா. இதை வேற கோர்ட்டுல யாராவது எடுத்துச் சொல்லியிருக்காங்களான்னு பாக்க வழி இருக்கா?”

வழி இருந்தது. எந்தப் பழைய தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டின என்று சொல்வதற்கென்றே சிவப்பு அட்டைப் புத்தகங்கள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய இணைப்பு வரும். வக்கீல்கள் தாங்கள் நம்பியிருக்கும் தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று அதில்தான் பார்ப்பார்கள். எப்படிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, அந்தத் தீர்ப்புகளையும் கேட்டு வாங்கி, அலமாரிகளின் நடுவே உட்கார்ந்து படித்தார். போகும்போது, “ஆரிகன்ல ஒருத்தன் கல்குவாரிக் குழியில விழுந்திருக்கான்” என்றார். அவர் யார் என்று மேல் தளத்தில் பதிவறைப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு புதிய இணைப்பு வந்தபோதெல்லாம் வந்தார். கான்ஸாஸ், மேய்ன், டென்னஸி என்று அவர் கால் வைத்தே இராத மாநிலங்களில் யாரோ ஒருவரை யாரோ ஒருவர் காப்பாற்றாமல் விட்டிருப்பார். நீதிபதி இவர் பெயரை எழுதியிருப்பார். வேறு யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான் என்று தீர்ப்பு சொல்வது: மார்ச் மாதக் கடைசி. ஏரி இன்னும் உறைந்திருந்தாலும் இளக ஆரம்பித்துவிட்டது. பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் தங்கள் சின்னக் குடிசைகளைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டிய நேரம். எல்லோரும் இழுத்து முடித்தார்கள். ஆர்வோ மாத்திலா மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு காலை நேரம் தனியாகப் போனவரின் காலடியில் பனி உடைந்தது. கரையில் அப்போது இருந்தவர் பக்கத்து வீட்டு வில்ஹோ மட்டும். மேலே சாலையில் போன தபால்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கரையில் ஓர் ஆள் நிற்கிறார், கையிலிருந்து கயிறு போல ஏதோ தொங்குகிறது. தபால்காரர் சரிவில் இறங்கி வருவதற்குள் தண்ணீர் அமைதியாகிவிட்டது.

ஆர்வோவின் மனைவி ஐலி, கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட்டார். வில்ஹோவுக்கு லோரிமர் என்று ஒரு வக்கீல் கிடைத்தார். கெட்டிக்காரர். வில்ஹோ நடந்ததைச் சொல்ல வாயெடுத்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம். எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம், பெண்டாட்டியிடமும் வேண்டாம் என்றாராம். பிறகு அவர் செய்த காரியம் எளிமையானது. எதிர்த் தரப்பு மனுவில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே இருந்தாலும் என் கட்சிக்காரர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, ஆகவே தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டார்.

அப்படிக் கேட்டால் நீதிமன்றம் மனுவில் உள்ளதை உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் முடிவு சொல்ல வேண்டும். சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. கயிறு என்று மனுவில் இருந்தால் கயிறுதான். மாவட்ட நீதிபதி தள்ளுபடி செய்தார். ஐலி அப்பீலுக்குப் போனார். உச்ச நீதிமன்றமும் வில்ஹோ பக்கமே சொன்னது. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதிக்கு மனசு ஆறவில்லை போலிருக்கிறது. ‘கையில் கயிற்றோடு நின்று ஓர் உயிர் போவதைப் பார்த்திருந்த இம்மனிதரின் செயலை எந்த மனசாட்சியும் ஏற்காது, ஆயினும் மனசாட்சி வழங்கும் தண்டனையை நாங்கள் வழங்க இயலாது’ என்று ஒரு வாக்கியம் எழுதினார். நன்றாக எழுதப்பட்ட வாக்கியம். அதனாலேயே எல்லோரும் எடுத்தாண்டார்கள். சட்டத்துக்கு விளக்கம் எழுதும் பெரிய பெரிய நூல்களிலும் அது ஏறிவிட்டது. வில்ஹோ ஹவுத்தலா சத்தியம் செய்து ஒரு வார்த்தை பேசாமலே ஒரு நிரந்தர உண்மையாகிவிட்டார்.

ஊருக்கும் அந்த வாக்கியம் வந்து சேர்ந்தது. ஒரு தடவை அவர் படகைக் கட்ட ஏதோ வாங்க இரும்புக்கடைக்குப் போனார். கல்லாவில் இருந்தவன் கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டான்.

“கயிறா வில்ஹோ? எதுக்கு, கையில வச்சுக்கிட்டு நிக்கவா?”

யாரும் பலமாகச் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் அவனை அதட்டவும் இல்லை. வில்ஹோ வெளியே வந்துவிட்டார். படகைக் கம்பியால் கட்டினார். அதற்குப் பிறகு தேவையான சாமான்களை வாங்க ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வேறு ஊருக்குப் போவார்.

அவர் மனைவி இர்யா அவரை விட்டுப் போனது தீர்ப்பு வந்த பிறகு. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து போனாள் என்றார்கள். அது சரியில்லை. வழக்கு நடந்த காலம் முழுவதும் கடையிலும் சர்ச்சிலும் தலை நிமிர்ந்து நடந்தவள் அவள். ஜெயித்த அன்று, இனிமேலாவது சொல்லுங்கள், அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டிருக்கிறாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் சிகாகோவில் தங்கையைப் பார்க்கப் போனவள் வசந்தத்தில் திரும்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஓர் அட்டை வரும். வில்ஹோ ஊராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். தனியாளாக ஓட்டுகிற வேலை. அது ஒரு வசதி.

எனக்கும் அவருக்கும் பழக்கம் என்று சொன்னால், அவர் படிப்பார், நான் காபி கொடுப்பேன். ஒரு நாள் கேட்டார்.

“இதை எழுதின ஜட்ஜு இருக்காரா?”

அவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன என்றேன்.

“மத்தவங்க?”

ஒருவர் மட்டும் ஓய்வு பெற்று எங்கோ தெற்கே இருந்தார். வில்ஹோ தலையை ஆட்டிக்கொண்டார். நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாரோ என்னவோ. இல்லை, சும்மா கேட்டதாகவும் இருக்கலாம்.

பல்கலைக்கழகத்திலிருந்து ரோஸலிண்ட் ஆட்லர் என்ற சட்டப் பேராசிரியை வந்தது எண்பதுகளின் நடுவில். பாடப்புத்தகத்தில் வரும் பழைய வழக்குகளுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாராம். நேராக என்னிடம் வந்தார், வழக்கின் காகிதங்கள் எங்கே என்று கேட்டார். காகிதங்கள் மேலே இருக்கின்றன, ஆள் வருகிற வாரம் வருவார் என்றேன். அவர் நம்பவில்லை. வில்ஹோ உயிரோடிருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டு பேரையும் என் மேசைக்கு எதிரிலேயே உட்கார வைத்தேன். வில்ஹோ முதலில் ஒரு கேள்வி கேட்டார். இந்த வழக்கை வகுப்பில் பாடமாக நடத்தும்போது பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?

பேராசிரியை பூசி மெழுகாதவர். “கோவப்படுவாங்க. அதுக்காகத்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறோம்.”

“சட்டத்து மேலயா, என் மேலயா?”

“முதல்ல உங்க மேல. அப்புறம் மெதுவா சட்டத்து மேல.”

“எல்லாரும் அந்த ரெண்டாவது எடத்துக்கு வந்துடுவாங்களா?”

“நெறையப் பேர் முதல் எடத்துலயே நின்னுடுறாங்க” என்றார் அவர்.

வில்ஹோ அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருத்தர் நேர்மையாகப் பதில் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது போல. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று பேராசிரியை கேட்டபோது பழையபடி மேசையைப் பார்த்தார். முதலில் கேட்க வேண்டியவர் வேறு ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி எழுந்து போய்விட்டார்.

பேராசிரியை அன்று மாலையே ஐலி வீட்டுக்கும் போனார். மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் வந்து சொன்னார். ஐலி அவரை வாசற்படி தாண்ட விடவில்லையாம். என் வீட்டுக்காரர் உங்கள் பாடம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். கதவைச் சாத்தப் போனவர், திரும்பவும் கொஞ்சம் திறந்து ஒன்றே ஒன்று கேட்டாராம்: அந்த ஆள் பேசினானா?

அடுத்த தடவை வில்ஹோ வந்தபோது இதை அப்படியே அவரிடம் சொன்னேன். வெகுநேரம் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“மிஸஸ் பெங்கெல்லி, அந்தக் கேஸு முடிஞ்சிருச்சா?”

எனக்கு விளங்கவில்லை. அது முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்றே என்றேன்.

“லோரிமர் சார் கேஸு முடியற வரைக்கும் யாருகிட்டயும் பேசாதன்னார். முடிஞ்சப்புறம் பேசலாம்னு அவர் சொல்லல. அப்புறம் அவரும் செத்துப் போனார்.” தொப்பியை மேசை மேல் வைத்தார். “இப்ப நான் பேசலாமா?”

ஒருவர் இத்தனை வருஷம் அந்த ஒரு சொல்லுக்காகவா காத்திருப்பார் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது முழுதாக நம்பும்படி இல்லை. பேசாதே என்று ஒருவர் சொன்னது அவருக்கு ஒரு காலத்தில் சௌகரியமாகவும் இருந்திருக்கும். சௌகரியம் பழகிப்போய்ப் பிறகு வெளியே வரும் கதவு தெரியாமல் போயிருக்கும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. பேசலாம், தடை ஒன்றும் இல்லை என்றேன்.

“நீங்க கூட வர்றீங்களா? நான் என்ன சொன்னேன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கணும்.”

சனிக்கிழமை போனோம். அவர் வீட்டுக்கும் ஐலி வீட்டுக்கும் நடுவே ஒரு பைன் மரத் தோப்புதான். இருந்தும் என் காரில், சாலையைச் சுற்றிக்கொண்டு, விருந்தாளிகள் போல முன்வாசலில் போய் இறங்கினோம். ஐலி கதவைத் திறந்தார். குட்டையான, அகன்ற தோள்கள் கொண்ட பெண்மணி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கி, மூன்று பேரையும் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். அவர் வில்ஹோவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“இவங்க யாரு?”

“நூலகத்துல இருக்காங்க. நான் சொல்றதைக் கேக்க ஒரு ஆள் இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.”

ஐலி விலகி வழி விட்டார். அடுப்படி மேசையில் உட்கார்ந்தோம். காபி ஊற்றினார், ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தார். பின்லாந்திலிருந்து வந்தவர்களின் வீடுகளில் அடிக்க வந்தவனுக்கும் முதலில் காபிதான்.

வில்ஹோ கோப்பையைத் தொடவில்லை. கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு நாயோடு நடக்கப் போயிருந்தார். பனி உடைந்த சத்தம் கேட்டதும் நாயை அவிழ்த்து விட்டுவிட்டு ஓடினார். கையில் இருந்தது நாயின் வார். தபால்காரர் பார்த்தது அதைத்தான். பனி மேல் கொஞ்ச தூரம் நடந்தார், பிறகு படுத்துக்கொண்டு ஊர்ந்தார். ஆர்வோ முழங்கைகளைப் பனி விளிம்பில் ஊன்றி ஏறப் பார்க்கிறார், விளிம்பு உடைகிறது, மறுபடியும் ஊன்றுகிறார். வில்ஹோ வாரை வீசினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ஊர்ந்து போய் வீசினார். அப்போதும் எட்டவில்லை. மறுபடி முன்னால் நகர்ந்தபோது அடியில் பனி தொட்டில் போல ஆடியது. நெஞ்சுக்குக் கீழே தண்ணீர் ஊறி வந்தது.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னவர் அங்கே வந்து நின்றுவிட்டார்.

“அங்கேர்ந்து நான் திரும்பிட்டேன், ஐலி. அவன் பாத்துக்கிட்டு இருக்கும்போதே திரும்பினேன்.”

அவரே தொடர்ந்தார். “கரைக்கு வந்து நின்னேன். ஓடிப் போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கால் நகரல. புத்தகத்துல கயிறுன்னு போட்டிருக்கிறது பொய். நின்னேன்னு போட்டிருக்கிறது நிஜம்.”

“கயிறுன்னு என் வக்கீல் எழுதினது” என்றார் ஐலி. “கையெழுத்துப் போடுன்னார், போட்டேன். அது எனக்குப் பெரிசாப் படல.” கோப்பையை நகர்த்தி வைத்தார். “நான் பணத்துக்கு ஆசைப்பட்டுக் கேஸ் போட்டேன்னு இந்த ஊரே சொல்லிச்சு. உன்கிட்ட எனக்கு என்ன பணம் கிடைச்சிருக்கும்? கூண்டுல ஏத்தி, பைபிள் மேல கை வைக்கச் சொன்னா பேசித்தானே ஆகணும். அதுக்குத்தான் போட்டேன். பேசாமலே ஜெயிச்சுட்டுப் போயிட்ட.”

வில்ஹோ தலை நிமிரவில்லை. வாரம் ஒன்று போகட்டும், வீட்டில் கூட்டம் குறையட்டும், வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் சம்மன் வந்துவிட்டது என்றார். ஐலி அடுத்ததைக் கேட்டார்.

“அவன் என்ன சொன்னான்?”

“யாரு?”

“ஆர்வோ. அவ்வளவு கிட்டப் போயிருக்க. என்னைக் கூப்பிட்டானா? பிள்ளைங்களை?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வில்ஹோவுக்கு எவ்வளவு சுலபம். இந்த உலகத்தில் யாரும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. வில்ஹோ முதல் தடவையாக ஐலியின் முகத்தைப் பார்த்தார்.

“இல்ல. யாரையும் கூப்பிடல.”

“பின்ன?”

“திட்டினான்.”

“உன்னையா?”

“என்னை இல்ல. அந்தக் குடிசையை. போன வருஷமே இதைக் கொளுத்தியிருக்கணும்னான். பெர்க்கெலே, பெர்க்கெலேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். கடைசி வரைக்கும் அதுதான்.”

பின்லாந்துக்காரர்களின் வசவுகளில் அதை விடப் பெரியது கிடையாது. ஐலியின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எழுந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே இல்லாமல் சிரித்தார். போதகர் சவ அடக்கத்தன்று ஆர்வோ கடைசி நேரத்தில் கடவுளை நினைத்திருப்பார் என்று சொன்னாராம். அன்றிலிருந்து தன் புருஷனை யாரோ மாற்றி வைத்துவிட்டது போலவே தனக்கு இருந்தது என்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் பழையபடி ஆயிற்று.

“நீ திரும்பினதை நான் மன்னிக்கல, வில்ஹோ. அது உனக்குத் தெரியணும்.”

“தெரியும்.”

“நான் உன் எடத்துல இருந்தா திரும்பியிருக்க மாட்டேனான்னு கேட்டா, அது எனக்குத் தெரியாது. அதுவும் உனக்குத் தெரியட்டும்.”

வில்ஹோ எழுந்தார். நானும் எழுந்தேன். வாசலில் ஐலி வேறொன்றும் சொன்னார். பனி அள்ளும் வண்டி போனால் ஒதுக்கிய பனியை ஊரில் எல்லார் வாசலிலும் கரையாகக் கட்டிவிட்டுப் போகும், அதை வெட்டியெடுக்க முதுகு ஒடியும். தன் வாசலில் மட்டும் அந்தக் கரை இருப்பதில்லை என்பதை முதல் வருஷமே கவனித்தாராம். அங்கே வரும்போது மட்டும் வண்டியின் முன்னால் பனியைத் தள்ளும் தகட்டை யார் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்றும் தெரியுமாம். அதற்காக நன்றி சொல்லக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாராம். இப்போதும் சொல்லவில்லை.

வில்ஹோ திரும்பி வரும்போது காரில் ஏறவில்லை. தோப்பு வழியாக நடந்தே போனார்.

அவர்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். வழியில் எதிர்ப்பட்டால் ஐலி பெயர் சொல்லித் தலையசைப்பார், அவரும் அசைப்பார். அவ்வளவுதான் மாறியது. வில்ஹோ வீட்டில் மாலை நேரத்தில் எரியும் ஒற்றை விளக்கு ஒற்றை விளக்காகவே இருந்தது. பேராசிரியை மறுபடி வந்தபோது வில்ஹோ எல்லாவற்றையும் சொன்னார். கட்டுரை வெளியானது. கயிறு என்பது எந்த விசாரணையிலும் நிரூபிக்கப்படாத ஒன்று, தள்ளுபடி கேட்டதற்காக உண்மை என்று வைத்துக்கொள்ளப்பட்டது மட்டுமே என்று தெளிவாக எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. அதற்கப்புறம் வந்த பாடப்புத்தகப் பதிப்பிலும் கயிறு இருந்தது. அடியில் பொடி எழுத்தில், வேறு கருத்தும் உண்டு என்று கட்டுரையின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

பிறகு சட்டசபையில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆபத்தில் இருக்கிறவரைப் பார்த்தால், தன் உயிருக்கு ஆபத்தில்லாத அளவுக்கு உதவ வேண்டும், குறைந்தது யாரையாவது அழைக்கவாவது வேண்டும் என்று. அடுத்து வந்த சிவப்பு இணைப்பில் ‘மாத்திலா எதிர் ஹவுத்தலா’வுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குறி. சட்டம் மாறிவிட்டது, பார்த்துப் பயன்படுத்து என்று பொருள். வில்ஹோ அந்தக் குறியை என்னிடம் காட்டி விளக்கம் கேட்டார். சொன்னேன். அப்படியானால் நான் செய்தது இப்போது குற்றமா என்றார். பின்னால் வந்த சட்டம் முன்னால் நடந்ததைத் தொடாது என்றேன்.

“அப்பவே இந்தச் சட்டம் இருந்திருந்தா?”

“தள்ளுபடி ஆகியிருக்காது. விசாரணை நடந்திருக்கும். நீங்க தோத்துப் போய், வீடுகூடப் போயிருக்கலாம்.”

“வீடு போயிருக்கும்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். சிவப்புப் புத்தகத்தை மூடி அதன் இடத்தில் தானே வைத்தார். “இர்யா போயிருக்க மாட்டா.”

காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அந்தச் சட்டம் வந்து சில வருஷங்கள் கழித்து, ஓர் இலையுதிர்காலத்தில், விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது விழுந்து வில்ஹோ இறந்துபோனார். கண்டது ஐலி. அவர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், அது வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சவ அடக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். இர்யா சிகாகோவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி நேரத்தில் யாரோடும் சேராமல் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓரமாக இருந்தாள். ஐலி ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாயின் வாரிலிருந்து ஆரம்பித்து, வில்ஹோ தன் அடுப்படியில் சொன்ன அதே வரிசையில், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஆடிய பனியையும், திரும்பியதையும், பெர்க்கெலேயையும் சொன்னார். இர்யா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் கடைசியில்.

“அவ்வளவுதான்.”

“இதையா எங்கிட்டச் சொல்லல?”

ஐலி ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வந்து சொன்ன பிறகுதான் இர்யா எழுந்தாள். ஐலி அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.